எடிட்டரில் நமக்கான குறுக்குவிசைகள்: மாற்றி விசைகளைத் தேர்ந்து அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

உரையும் நிரலும் எழுத உதவும் மென்பொருளான எடிட்டரில் சொந்தமாகக் குறுக்குவிசை அமைக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, அந்த நேரத்தில் தோன்றிய ஒரு சேர்க்கையை அழுத்திப் பதிவுசெய்துவிட்டு, அது வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். வேலை செய்தால் அப்படியே விட்டுவிடுகிறார்கள்; செய்யாவிட்டால் வேறொன்றை அழுத்துகிறார்கள். இப்படி இருபது குறுக்குவிசைகளைச் சேர்த்தாலும் சில வாரங்களில் இரண்டு மூன்றுதான் விரலில் நிற்கின்றன. நினைவாற்றலில் குறை எதுவும் இல்லை. எந்த மாற்றி விசை (கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் போன்றது) எந்த வகை வேலைக்கு என்ற முறையை முதலில் வகுத்துக்கொள்ளாததுதான் காரணம். ஆகவே இந்த வழிகாட்டியில் எழுத்து விசையைத் தேடுவதற்கு முன்பே மாற்றி விசையைத் தீர்மானிக்கிறோம். அதன் பிறகு கட்டளை, நிபந்தனை, சோதனை என்று ஒவ்வொன்றாகச் செல்கிறோம்.

விளக்கத்துக்கு விஷுவல் ஸ்டூடியோ கோடு எடிட்டரை முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்; சப்லைம் டெக்ஸ்ட், நோட்பேட்++, விம், ஈமேக்ஸ் ஆகியவற்றில் எது மாறுபடும் என்பதையும் சொல்கிறேன். கோப்புகளில் தட்டச்சு செய்ய வேண்டிய சொற்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவை ஆங்கில எழுத்துகளில்தான் இருக்க வேண்டும்.

மாற்றி விசை செய்யும் வேலை

மாற்றி விசை என்பது தனியாக அழுத்தினால் பெரும்பாலும் எதுவும் செய்யாமல், கூடவே அழுத்தப்படும் இன்னொரு விசையின் பொருளை மாற்றும் விசை. ஷிஃப்ட் இவற்றில் மூத்தது. 1878-இல் வெளிவந்த ரெமிங்டன் 2 தட்டச்சுப்பொறியில் அது உண்மையாகவே ஒரு பாகத்தை இடம்பெயர்த்து, சிறிய எழுத்துக்குப் பதிலாகப் பெரிய எழுத்தை அச்சில் விழவைத்தது. கண்ட்ரோல் விசையின் வேர் தொலைத்தட்டச்சுக் கருவிகளில் இருக்கிறது. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி குறியீட்டுமுறையில் 0 முதல் 31 வரையான எண்கள் எழுத்துகளுக்கு அல்லாமல் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு ஒதுக்கப்பட்டன. கண்ட்ரோலுடன் ஓர் எழுத்தை அழுத்தினால், அந்த எழுத்துக்குரிய எண்ணின் கடைசி ஐந்து பிட்டுகள் மட்டும் எஞ்சி, ஒரு கட்டுப்பாட்டுக் குறி பிறக்கும். இந்தக் கணக்கின்படி கண்ட்ரோல்+ஐ என்பது 9; டேப் விசையும் அதே 9. கண்ட்ரோல்+எம் என்பது 13. என்டர் விசையும் அதே 13. பழங்கதை போலத் தோன்றினாலும் டெர்மினலுக்குள், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்துக்குள், எடிட்டர் பயன்படுத்தும் ஒவ்வொருவரையும் இது இன்றும் பாதிக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரே விசைக்கு எடிட்டர்தோறும் வெவ்வேறு பெயர் இருப்பது அடுத்த குழப்பம். விண்டோஸ் சின்னம் உள்ள விசையை விஷுவல் ஸ்டூடியோ கோடு விண்டோஸில் ‘வின்’ என்றும், லினக்ஸில் ‘மெட்டா’ என்றும் குறிக்கிறது. சப்லைம் டெக்ஸ்ட் அதை ‘சூப்பர்’ என்கிறது. ஈமேக்ஸ் ஆவணங்களில் ‘மெட்டா’ என்று வருவதோ நம் விசைப்பலகையில் ஆல்ட் என்று அச்சிடப்பட்ட விசை. மேக் கணினியில் கமாண்ட் விசைதான் மற்ற இடங்களில் கண்ட்ரோல் செய்யும் வேலையைப் பெரும்பாலும் செய்கிறது. அங்கே கண்ட்ரோல் தனியாக வேறொரு விசை. ஆல்ட் இருக்கும் இடத்தில் ஆப்ஷன் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த ஓர் அமைப்பை அப்படியே படியெடுத்து ஒட்டும்போது, ‘மெட்டா’ எந்த எடிட்டரின் மெட்டா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அழுத்தம் எடிட்டரை அடையும்வரை

விசையை அழுத்தியவுடன் அது நேராக எடிட்டருக்குப் போய்விடுவதில்லை. முதலில் இயங்குதளம் பார்க்கிறது. விண்டோஸில் விண்டோஸ் விசை+எல் திரையைப் பூட்டும்; கண்ட்ரோல்+ஆல்ட்+டெலிட் இயங்குதளத்துக்கே உரியது. இவை எடிட்டரின் கைக்கு வரவே வராது. லினக்ஸில் கண்ட்ரோல்+ஆல்ட் உடன் எஃப்1, எஃப்2 போன்ற விசைகள் வேறு கன்சோலுக்கு அழைத்துச் செல்லும். மேக்கில் கமாண்ட்+டேப், கமாண்ட்+ஸ்பேஸ் ஆகியவை அதே நிலையில் இருக்கின்றன. அடுத்து உள்ளீட்டு முறை, அதாவது விசை அழுத்தங்களை ஒரு மொழியின் எழுத்துகளாக மாற்றித் தரும் மென்பொருள், தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு டெர்மினலில் இருந்தால் டெர்மினல்; கடைசியில்தான் எடிட்டரும் அதில் நிறுவப்பட்ட நீட்சிகளும்.

இரண்டு மொழிகளில் தட்டச்சு செய்பவர்கள் இங்கே கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். விஷுவல் ஸ்டூடியோ கோடில் கண்ட்ரோல்+ஸ்பேஸ் என்பது பரிந்துரைப் பட்டியலை வரவழைக்கும் விசை. ஆனால் பல கணினிகளில் மொழி மாற்றவும் இதே சேர்க்கைதான் அமைந்திருக்கிறது. எடிட்டர் பழுதாகிவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவிப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் எடிட்டருக்கு வெளியேதான் இருக்கிறது. விண்டோஸில் ஆல்ட்+ஷிஃப்ட் உள்ளீட்டு மொழியை மாற்றும் என்பதால், அந்த இரண்டையும் சேர்த்துக் குறுக்குவிசை அமைப்பவர்களுக்குச் சில நேரங்களில் கட்டளை நடப்பதோடு மொழியும் மாறிவிடும். முதல் படியாக உங்கள் இயங்குதளத்தின் விசைப்பலகை அமைப்புகளையும் உள்ளீட்டு முறையின் அமைப்புகளையும் திறந்து, அங்கே ஏற்கெனவே எடுக்கப்பட்ட சேர்க்கைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த மாற்றி விசை எதற்கு

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். என் பரிந்துரை இது: கண்ட்ரோலுடன் ஒற்றை எழுத்து சேரும் சேர்க்கைகளை எடிட்டரின் இயல்புக்கே விட்டுவிடுங்கள். எக்ஸ், சி, வி மூன்றும் வெட்ட, படியெடுக்க, ஒட்ட என்பது பெரும்பாலான செயலிகளில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். அவற்றில் கைவைத்தால் எடிட்டரை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் விரல் தடுமாறும். ஷிஃப்ட் என்பது ஒரு கட்டளையை விரிவாக்குவது அல்லது எதிர்த்திசையில் செலுத்துவது என்ற பொருளில் பல எடிட்டர்களில் வருகிறது. அம்பு விசை கர்சரை நகர்த்தினால், ஷிஃப்ட்+அம்பு தெரிவுசெய்துகொண்டே நகர்த்தும்; டேப் உள்ளே தள்ளினால் ஷிஃப்ட்+டேப் வெளியே இழுக்கும். உங்கள் சொந்தக் குறுக்குவிசைகளிலும் இந்தப் பொருளைக் காப்பாற்றினால், பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதே இருக்காது.

ஆல்ட் கொஞ்சம் சிக்கலானது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆல்ட்+எஃப், ஆல்ட்+இ போன்றவை மெனுக்களைத் திறக்கும். மேக்கில் ஆப்ஷன் விசை எழுத்துகளுடன் சேரும்போது சிறப்புக் குறியீடுகளை இடும். அதற்குக் குறுக்குவிசை வைத்தால் அந்தக் குறியீட்டைத் தட்டச்சு செய்யும் வழியை இழக்கிறீர்கள். கண்ட்ரோல்+ஆல்ட் சேர்க்கை காலியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பல ஐரோப்பிய விசைப்பலகை அமைப்புகளில் வலப்பக்க ஆல்ட் ‘ஆல்ட் ஜிஆர்’ ஆகச் செயல்படுகிறது. விண்டோஸ் அதைக் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும். அத்தகைய விசைப்பலகையில் ஒருவர் சதுர அடைப்புக்குறியோ சுருள் அடைப்புக்குறியோ தட்ட முயன்றால், உங்கள் கட்டளை ஓடிவிடும். அமைப்பை நீங்கள் மட்டும் பயன்படுத்தினால் கவலையில்லை. குழுவுக்குப் பகிர்வதாக இருந்தால் கண்ட்ரோல்+ஆல்ட்டைத் தவிர்ப்பதே நல்லது.

அப்படியானால் நமக்கென்று மிஞ்சுவது எது? தொடர் அழுத்தம்தான் சிறந்த விடை: ஒரு சேர்க்கையை முன்னொட்டாக அழுத்தி, விட்டுவிட்டு, அடுத்த விசையை அழுத்துவது. ஒரு முன்னொட்டைச் சொந்தமாக்கிக்கொண்டால் அதன் கீழ் இருபத்தாறு எழுத்துகளும் உங்களுடையவை. வேறு யாருடனும் மோதல் இல்லை. நான்கு விரல்களை ஒரே நேரத்தில் விரித்து அழுத்துவதைவிட இரண்டு எளிய அழுத்தங்கள் கைக்கும் இதமானவை. தவிர, மலிவான சில விசைப்பலகைகள் ஒரே நேரத்தில் அழுத்தப்படும் சில மூன்று நான்கு விசைச் சேர்க்கைகளைச் சரியாகப் பதிவுசெய்வதில்லை. தொடர் அழுத்தத்தில் அந்தத் தொல்லையும் இல்லை.

ஆகவே என் பங்கீடு இப்படி இருக்கிறது: நாள் முழுக்கத் தேவைப்படும் ஓரிரு கட்டளைகளுக்கு மட்டும் நேரடிச் சேர்க்கை, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே முன்னொட்டு.

கட்டளைகளைப் பொறுக்குதல்

இரண்டு நாள் வழக்கம்போல் வேலை செய்யுங்கள். மவுஸை எடுக்க நேரிடும் ஒவ்வொரு முறையும் எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நீங்கள் எதிர்பார்த்த பட்டியலாக அது பெரும்பாலும் இருக்காது. அதில் அடிக்கடி திரும்பி வரும் ஐந்தை மட்டும் எடுங்கள். அந்த ஐந்தில் சிலவற்றுக்கு ஏற்கெனவே குறுக்குவிசை இருக்கும், உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும். எடுத்துக்காட்டாக, வரியை மேலும் கீழும் நகர்த்த ஆல்ட்+அம்பு, முழு வரியை நீக்கக் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+கே ஆகியவை விஷுவல் ஸ்டூடியோ கோடில் தொடக்கத்திலேயே உள்ளன. இருப்பதைக் கற்றுக்கொள்வது புதிதாக அமைப்பதைவிட மேல், ஏனெனில் அது எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் கிடைக்கும்.

விஷுவல் ஸ்டூடியோ கோடில் அமைத்தல்

கண்ட்ரோல்+கே அழுத்தி விட்டு, கண்ட்ரோல்+எஸ் அழுத்துங்கள். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். குறுக்குவிசைகளின் முழுப் பட்டியல் திறக்கும். கட்டளையின் பெயர், அதற்குரிய விசை, எப்போது செயல்படும் என்ற நிபந்தனை, அது எங்கிருந்து வந்தது என்ற மூலம் ஆகிய நான்கு பத்திகள் இருக்கும். தேடல் பெட்டியின் வலப்பக்கம் விசைகளைப் பதிவுசெய்யும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திவிட்டு நீங்கள் எண்ணியிருக்கும் சேர்க்கையை அழுத்தினால், அது ஏற்கெனவே யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் சுருங்கிக் காட்டும். எந்தச் சேர்க்கையையும் இந்தச் சோதனை இல்லாமல் முடிவுசெய்யாதீர்கள்.

எளிய மாற்றத்துக்கு இந்தப் பட்டியலே போதும்: கட்டளையின் வரியை இருமுறை சொடுக்கி, சேர்க்கையை அழுத்தி, என்டர் தட்டினால் முடிந்தது. ஆனால் நிபந்தனையும் உள்ளீடும் சேர்ந்த குறுக்குவிசைகளுக்குக் கோப்பைத்தான் திறக்க வேண்டும். பக்கத்தின் வலது மேல் மூலையில் உள்ள சிறு சின்னம் கீபைண்டிங்ஸ் ஜேசன் கோப்பைத் திறக்கும். சதுர அடைப்புக்குறிகளுக்குள் ஒவ்வொரு விதியும் ஒரு சுருள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். விதிகளுக்கு இடையே காற்புள்ளி. ஒவ்வொரு விதியிலும் நான்கு புலங்கள் வரலாம்: ‘கீ’ என்பது சேர்க்கை, ‘கமாண்ட்’ என்பது கட்டளை, ‘வென்’ என்பது நிபந்தனை, ‘ஆர்க்ஸ்’ என்பது கட்டளைக்குத் தரும் உள்ளீடு.

ஒரு விதியை முழுமையாக அமைத்துப் பார்ப்போம். மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவம் தரும் உரை) கோப்பில் சில சொற்களைத் தெரிவுசெய்து கண்ட்ரோல்+பி (ஆங்கில B) அழுத்தினால் அவை தடித்த எழுத்தாக வேண்டும், அதாவது முன்னும் பின்னும் இரண்டிரண்டு விண்மீன் குறிகள் விழ வேண்டும். சொற்செயலிகளில் பழகிய கைக்கு இது இயல்பு. ஆனால் இந்த எடிட்டரில் கண்ட்ரோல்+பி பக்கப்பட்டையைத் திறந்து மூடும் விசை. அதை இழக்கவும் நமக்கு மனமில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ள நிபந்தனை உதவுகிறது.

‘கீ’ புலத்தில் கண்ட்ரோலின் சுருக்கத்தை எழுதி, கூட்டல் குறி இட்டு, பி எழுத்தை இடுங்கள். எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். ‘கமாண்ட்’ புலத்தில் எடிட்டர், ஆக்‌ஷன், இன்சர்ட்ஸ்னிப்பெட் என்ற மூன்று சொற்களைப் புள்ளியால் இணைத்து எழுத வேண்டும். பெயரை நினைவிலிருந்து எழுத வேண்டியதில்லை. மேற்கோள் குறிகளுக்குள் கர்சரை வைத்துப் பரிந்துரையை வரவழைத்தால் எடிட்டரே எடுத்துத் தரும். ‘ஆர்க்ஸ்’ புலத்துக்குள் இன்னொரு சுருள் அடைப்புக்குறி இட்டு, ‘ஸ்னிப்பெட்’ என்ற பெயரின் மதிப்பாக இரண்டு விண்மீன் குறிகள், டாலர் குறி, சுருள் அடைப்புக்குறிக்குள் தெரிவுசெய்த உரையைக் குறிக்கும் மாறியின் பெயர், மீண்டும் இரண்டு விண்மீன் குறிகள் என்று எழுதுங்கள். அந்த மாறி டிஎம், செலெக்டெட், டெக்ஸ்ட் ஆகிய மூன்றும் அடிக்கோட்டால் இணைந்து, முழுவதும் பெரிய எழுத்தில் வரும். கடைசியாக ‘வென்’ புலத்தில் மூன்று நிபந்தனைகள்: எடிட்டரின் உரைப்பகுதியில் கர்சர் இருக்க வேண்டும், உரை தெரிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும், கோப்பின் மொழி மார்க்டவுனாக இருக்க வேண்டும். இவற்றின் பெயர்கள் எடிட்டர்டெக்ஸ்ட்ஃபோகஸ், எடிட்டர்ஹேஸ்செலக்‌ஷன், எடிட்டர்லாங்ஐடி. மூன்றையும் ‘&&’ குறியால் இணைக்க வேண்டும்; மொழியை ஒப்பிட இரட்டைச் சமக்குறி. நிபந்தனைப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம். ஓர் எழுத்து மாறினாலும் பிழைச்செய்தி எதுவும் வராமல் விதி வாளாவிருந்துவிடும்.

சேமித்தவுடன் விதி நடப்புக்கு வந்துவிடும்; எடிட்டரை மூடித் திறக்க வேண்டியதில்லை. இப்போது மூன்று நிலைகளில் சோதியுங்கள். மார்க்டவுன் கோப்பில் ஒரு சொல்லைத் தெரிவுசெய்து அழுத்தினால் விண்மீன்கள் விழ வேண்டும். அதே கோப்பில் எதையும் தெரிவுசெய்யாமல் அழுத்தினால் பக்கப்பட்டை அசைய வேண்டும். வேறு வகைக் கோப்பில், உரையைத் தெரிவுசெய்திருந்தாலும், பக்கப்பட்டைதான் அசைய வேண்டும். மூன்றாவதைப் பலரும் சோதிப்பதில்லை; பிறகு ஒரு நாள் நிரல் கோப்பில் விண்மீன்கள் விழுந்து கிடப்பதைக் கண்டு திகைக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்றால், எடிட்டர் விதிகளைக் கீழிருந்து மேலாகப் பார்க்கிறது. விசையும் நிபந்தனையும் பொருந்தும் முதல் விதியை எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. இயல்பு விதிகள் மேலேயும் உங்கள் விதிகள் அவற்றுக்குக் கீழேயும் சேர்க்கப்படுவதால் உங்களுடையது முந்திக்கொள்கிறது. உங்கள் நிபந்தனை பொருந்தாதபோது பார்வை மேலே ஏறி இயல்பு விதியை அடைகிறது. உங்கள் கோப்புக்குள்ளேயும் இதே முறைதான்: ஒரே சேர்க்கைக்கு இரண்டு விதிகள் இருந்தால், பொது விதியை மேலேயும் குறுகிய நிபந்தனை உள்ளதைக் கீழேயும் வையுங்கள். வரிசை தலைகீழானால் குறுகிய விதிக்கு வாய்ப்பே வராது.

முன்னொட்டை உரிமையாக்குதல்

விண்டோஸிலும் லினக்ஸிலும் இந்த எடிட்டரில் கோப்பை விரைந்து திறக்க, கண்ட்ரோல் உடன் ஆங்கில P எழுத்து சேர்ந்த சேர்க்கை இருக்கிறது. அதே வேலைக்குக் கண்ட்ரோல்+இ என்ற இரண்டாவது சேர்க்கையும் உண்டு. ஒரே வேலைக்கு இரண்டு எதற்கு? இரண்டாவதை விடுவித்து முன்னொட்டாக்கிக்கொள்ளலாம். அதற்கு முதலில் ஒரு நீக்க விதி: ‘கீ’ புலத்தில் கண்ட்ரோல்+இ, ‘கமாண்ட்’ புலத்தில் அந்தக் கட்டளையின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. கழித்தல் குறி இருந்தால் அந்தச் சேர்க்கையிலிருந்து அந்தக் கட்டளை விலக்கப்பட்டது என்று பொருள். பட்டியலில் வலது சொடுக்கி நீக்கினாலும் இதே வரிதான் கோப்பில் எழுதப்படும்.

பிறகு ‘கீ’ புலத்தில் கண்ட்ரோல்+இ, ஓர் இடைவெளி, டி எழுத்து என்று எழுதுங்கள். கட்டளை முன்போலவே இன்சர்ட்ஸ்னிப்பெட். உள்ளீட்டில் நடப்பு ஆண்டு, நடப்பு மாதம், நடப்புத் தேதி ஆகிய மூன்று மாறிகளையும் டாலர் குறியுடன் இடையே சிறுகோடு இட்டு எழுதினால், அன்றைய தேதி உரையில் விழும். முதல் அழுத்தத்துக்குப் பிறகு, இரண்டாவது விசைக்காகக் காத்திருப்பதாக எடிட்டர் கீழே நிலைப்பட்டையில் தெரிவிக்கும். டி என்பது தேதிக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னொட்டின் கீழ் எல்லாக் கட்டளைகளுக்கும் இப்படிப் பெயரின் முதலெழுத்தையே வைத்தால் விரலுக்கு முன் மனம் எட்டிவிடும்.

இந்த ஜேசன் கோப்பு குறிப்புரைகளை அனுமதிக்கிறது. இரண்டு சாய்கோடுகளுக்குப் பிறகு எழுதுவதை எடிட்டர் பொருட்படுத்தாது. ஒவ்வொரு விதிக்கு மேலும் அது ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும்போது அந்த ஒரு வரிக்கு நன்றி சொல்வீர்கள்.

மற்ற எடிட்டர்கள்

சப்லைம் டெக்ஸ்டில் ப்ரிஃபரன்சஸ் மெனுவில் கீ பைண்டிங்ஸ் என்பதைத் தேர்ந்தால் இடப்பக்கம் இயல்பு விதிகளும் வலப்பக்கம் உங்கள் கோப்பும் திறக்கும். புலங்கள் ஏறத்தாழ இவையே. நிபந்தனைப் புலத்தின் பெயர் ‘கான்டெக்ஸ்ட்’. தொடர் அழுத்தத்தை இடைவெளியால் பிரிக்காமல் ஒரு பட்டியலின் தனித்தனி உறுப்புகளாக எழுத வேண்டும். ‘ப்ரைமரி’ என்ற மாற்றிப் பெயர் மேக்கில் கமாண்டாகவும் மற்றவற்றில் கண்ட்ரோலாகவும் தானே மாறிக்கொள்ளும். நோட்பேட்++ இல் செட்டிங்ஸ் மெனுவின் ஷார்ட்கட் மேப்பர் போதும். மோதல் இருந்தால் சாளரத்தின் அடியில் அதுவே சொல்லிவிடும்.

ஈமேக்ஸ் இந்த விஷயத்தில் மிகுந்த ஒழுங்கு உடையது. கண்ட்ரோல்+சி அழுத்திப் பின் ஓர் எழுத்தை அழுத்தும் சேர்க்கைகள் பயனருக்கு மட்டுமே என்று அதன் வழிகாட்டு விதிகள் ஒதுக்கிவைத்திருக்கின்றன. எஃப்5 முதல் எஃப்9 வரையும் அப்படியே. விதிகளை மதிக்கும் எந்த நீட்சியும் அவற்றைத் தொடாது. ஆகவே அங்கே முன்னொட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. கண்ட்ரோல்+ஹெச், பிறகு கே அழுத்தி, ஏதேனும் ஒரு சேர்க்கையை அழுத்தினால் அது எந்தக் கட்டளை என்று விளக்கம் வரும். இந்த வசதியை எல்லா எடிட்டர்களிலும் முதல் நாளே தேடிக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

விம்மில் முன்னொட்டுக்கு ‘லீடர்’ என்று பெயர். இயல்பாக அது பின்சாய்கோடு, பலர் இடைவெளி விசைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே வெறும் ‘மேப்’ குடும்பத்தைவிட ‘நோரீமேப்’ குடும்பத்தையே பயன்படுத்துங்கள். முன்னது நீங்கள் எழுதிய விசைகளை மீண்டும் பிற விதிகளுக்கு உட்படுத்தும். ஒரு விதி தன்னையே அழைத்துக்கொண்டு சுழலவும் கூடும். எந்த நிலைக்கு விதி என்பதும் பெயரிலேயே உண்டு: சாதாரண நிலைக்கு என், உள்ளிடும் நிலைக்கு ஐ, தெரிவு நிலைக்கு வி அல்லது எக்ஸ். தொடர் அழுத்தத்துக்கு இடையே விம் இயல்பாக 1000 மில்லிநொடி காத்திருக்கும். அது போதாமலோ மிகையாகவோ தோன்றினால் டைம்அவுட்லென் மதிப்பை மாற்றலாம்.

டெர்மினலுக்குள் வரும் தடைகள்

விம்மில் சேமிக்கக் கண்ட்ரோல்+எஸ் அமைத்த முதல் நாள் எனக்கு நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. விசையை அழுத்தினேன், திரை உறைந்தது. எந்த எழுத்தும் விழவில்லை, எந்தக் கட்டளையும் எடுபடவில்லை. செயலி செயலிழந்துவிட்டது என்று எண்ணி டெர்மினல் சாளரத்தையே மூடிவிட்டேன். உண்மையில் எதுவும் செயலிழக்கவில்லை. கண்ட்ரோல்+எஸ் என்பது டெர்மினலின் வெளியீட்டை நிறுத்திவைக்கும் பழைய குறி. கண்ட்ரோல்+க்யூ அழுத்தியிருந்தால் எல்லாம் மீண்டிருக்கும். இந்தப் பழைய வழக்கத்தை நிறுத்த, ஷெல்லின் (டெர்மினலில் கட்டளைகளை இயக்கும் நிரல்) தொடக்கக் கோப்பில் எஸ்டிடிஒய் கட்டளையுடன் ஒரு கழித்தல் குறியும் ‘இக்ஸான்’ என்ற சொல்லும் சேர்த்து ஒரு வரி எழுதினால் போதும். அதன்பின் கண்ட்ரோல்+எஸ் எடிட்டரை வந்தடையும்.

தொடக்கத்தில் சொன்ன ஆஸ்கி கணக்கு இங்கேதான் திரும்பி வருகிறது. மரபான டெர்மினல் எடிட்டருக்கு அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற செய்தியை அல்ல, ஓர் எண்ணை மட்டுமே. அதனால் கண்ட்ரோல்+ஐ-க்கு விதி அமைத்தால் டேப் விசையும் அதே வேலையைச் செய்யத் தொடங்கும். கண்ட்ரோல்+எம் அமைத்தால் என்டர் மாறிவிடும். கண்ட்ரோலும் இடச் சதுர அடைப்புக்குறியும் சேர்ந்தால் எஸ்கேப். கண்ட்ரோல்+எஸ், கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ் இரண்டும் ஒரே எண்ணாகவே போய்ச் சேரும் என்பதால் அவற்றுக்கு வெவ்வேறு கட்டளை வைக்க முடியாது. ஆல்ட் சேர்க்கையோ பெரும்பாலும் எஸ்கேப் குறியைத் தொடர்ந்து எழுத்து என்ற வடிவில் போகும். கிட்டி போன்ற சில புதிய டெர்மினல்கள் இந்த வேறுபாடுகளை முழுமையாக அனுப்பும் நெறிமுறையைக் கொண்டிருக்கின்றன. ஆனால் டெர்மினலும் எடிட்டரும் இரண்டுமே அதை ஆதரித்தால்தான் பயன். சந்தேகம் வந்தால், விம்மின் உள்ளிடும் நிலையில் கண்ட்ரோல்+வி அழுத்திவிட்டு உங்கள் சேர்க்கையை அழுத்துங்கள். என்ன வந்து சேர்கிறது என்பது திரையில் தெரியும்.

வேலை செய்யாத விதியைத் துப்பறிதல்

ஊகித்துக்கொண்டிருப்பதைவிட எடிட்டரையே கேட்பது மேல். விஷுவல் ஸ்டூடியோ கோடின் கமாண்ட் பேலட்டை, அதாவது கட்டளைகளைத் தேடி இயக்கும் பட்டியலை, திறந்து, ‘டெவலப்பர்: டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்’ என்பதை இயக்குங்கள். கீழே வெளியீட்டுப் பலகத்தில், நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையும் எப்படி வந்து சேர்ந்தது, எந்தக் கட்டளையோடு பொருந்தியது என்பது வரிவரியாக ஓடும். இங்கே மூன்று முடிவுகளில் ஒன்று கிடைக்கும். எதுவுமே பதிவாகவில்லை என்றால் இயங்குதளமோ உள்ளீட்டு முறையோ விசையை வழியிலேயே எடுத்துக்கொண்டுவிட்டது. வேறொரு கட்டளையோடு பொருந்தியது என்றால் உங்கள் விதிக்குக் கீழே வேறு விதி இருக்கிறது, அல்லது உங்கள் நிபந்தனை பொய்த்துவிட்டது. விசையே வேறு பெயரில் பதிவானால் விசைப்பலகை அமைப்பில் சிக்கல்.

மூன்றாவது வகை, லினக்ஸிலும் தொலைக்கணினி இணைப்புகளிலும் வருவதுண்டு. அதற்கு எடிட்டரின் அமைப்புகளில் ‘கீபோர்டு டிஸ்பேட்ச்’ என்பதன் மதிப்பைக் ‘கீகோடு’ என்று மாற்றி, எடிட்டரை மூடித் திறந்து பார்க்க வேண்டும். விம்மில் ‘வெர்போஸ்’ என்ற சொல்லை மேப் கட்டளைக்கு முன்னால் சேர்த்துக் கேட்டால், அந்த விதி எந்தக் கோப்பில் கடைசியாக எழுதப்பட்டது என்பதையே சொல்லிவிடும். சப்லைம் டெக்ஸ்டின் கன்சோலில் கட்டளைப் பதிவை இயக்கினால் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஓடும் கட்டளையின் பெயர் தெரியும்.

ஆங்கிலமல்லாத எழுத்துகள் விசைப்பலகையில் இயங்கிக்கொண்டிருக்கும்போது சில செயலிகளில் கண்ட்ரோல்+எழுத்து சேர்க்கைகள் எடுபடாமல் போவதும் இதே இனத்தைச் சேர்ந்ததே. செயலி, எழுத்தைப் பார்க்கிறதா அல்லது விசை இருக்கும் இடத்தைப் பார்க்கிறதா என்பதைப் பொறுத்தது அது. விஷுவல் ஸ்டூடியோ கோடில் விசையின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள், இடத்தைக் குறிக்கும் வடிவில் எழுதினால், எந்த மொழி அமைப்பு இயங்கினாலும் அதே இடத்து விசையே கட்டளையைத் தூண்டும்.

பராமரிப்பு

அமைப்புக் கோப்பை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்திலோ எடிட்டரின் ஒத்திசைவு வசதியிலோ சேர்த்துவையுங்கள். விஷுவல் ஸ்டூடியோ கோடின் ஒத்திசைவு, குறுக்குவிசைகளை இயங்குதளம்வாரியாகத் தனித்தனியே வைத்திருப்பதே இயல்பு. மேக்கில் அமைத்தது விண்டோஸில் தானாக வராததைக் கண்டு வியக்க வேண்டாம்.

கண்ட்ரோலை அதிகம் பயன்படுத்துபவர்களுக்குச் சுண்டுவிரல் வலி வருவது உண்மையான தொல்லை. கேப்ஸ் லாக் விசையைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொள்வது பலருக்கு நிவாரணம் தந்திருக்கிறது. மேக்கின் விசைப்பலகை அமைப்புகளிலேயே அதற்கு இடமுண்டு. விண்டோஸில் பவர்டாய்ஸ் தொகுப்பின் கீபோர்டு மேனேஜர் செய்துதரும். லினக்ஸ் மேசைச்சூழல்களின் விசைப்பலகைத் தெரிவுகளிலும் இது உள்ளது. இரண்டு விசைகளை ஒருசேர அழுத்த இயலாதவர்களுக்கு இயங்குதளங்கள் ஒட்டும் விசைகள் என்ற வசதியைத் தருகின்றன. விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை அழுத்தினால் அதை இயக்கலாமா என்று கேட்கும். இயக்கியபின் மாற்றி விசையை அழுத்தி விட்டு, அடுத்த விசையைத் தனியாக அழுத்தினாலே போதும்.

புதிய குறுக்குவிசைகளை ஒரே நாளில் ஐந்தாகச் சேர்க்காமல், வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள். அந்த வாரம் அந்தக் கட்டளைக்காக மவுஸைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மறந்து தொட்டுவிட்டால், செய்ததை ரத்துசெய்துவிட்டு விசையால் மறுபடி செய்யுங்கள். ஒரு மாதம் கடந்தும் கை தேடிப்போகாத விதி எதுவாக இருந்தாலும் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு, அந்த எழுத்தை முன்னொட்டின் கீழ் மீண்டும் காலியாக்குங்கள்.